சுட்டு வீழ்த்தப்பட்ட ராணி

1906 ஜனவரியில், நியூகினித் தீவின் தென்கிழக்குப் பகுதியில், மாம்பரே ஆறு பிறக்கும் மலைக்காட்டில் ஆல்பர்ட் ஸ்டூவர்ட் மீக் என்ற ஆங்கிலேயர் மர உச்சியில் பறந்துகொண்டிருந்த ஒன்றைக் குறிபார்த்துச் சுட்டார். துப்பாக்கியில் இருந்தவை, சிட்டு போன்ற சிறு பறவைகளை உடல் சிதையாமல் வீழ்த்துவதற்கான பொடிக் குண்டுகள். கீழே விழுந்தது பறவையல்ல, ஒரு பெண் வண்ணத்துப்பூச்சி. சிறகில் குண்டு துளைத்த ஓட்டைகளோடு அது கப்பலேறி இங்கிலாந்து போயிற்று. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அந்த ஓட்டைகளோடேயே இன்றும் இருக்கிறது.

அறிவியலுக்கு அந்த இனம் அறிமுகமானது இப்படித்தான். மறு ஆண்டு, 1907இல், வால்டர் ராத்ஸ்சைல்டு அதற்குப் பெயர் சூட்டினார். ஏழாம் எட்வர்டு மன்னரின் மனைவி அலெக்ஸாண்ட்ராவின் பெயர். பட்டத்தரசியின் பெயரைத் தாங்கிய அந்தப் பூச்சிதான் உலகில் இதுவரை அறியப்பட்ட வண்ணத்துப்பூச்சிகளில் எல்லாவற்றிலும் பெரியது.

பெண்ணின் சிறகு விரிப்பு 25 முதல் 28 சென்டிமீட்டர். பள்ளிக்கூடப் பையில் கிடக்கும் ஓரடி ஸ்கேலை எடுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட அதன் முழு நீளமும் வந்துவிடும். இந்தியாவின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சி என்று 1932இலிருந்து பதிவேட்டில் இருந்தது 190 மில்லிமீட்டர். 2020இல் உத்தராகண்டில் அளக்கப்பட்ட இன்னொன்று 194 மில்லிமீட்டர் காட்டி அதை முந்தியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மஞ்சள் பின்சிறகோடு மிதந்து திரியும் பெரிய அழகியும், இந்த 194 மில்லிமீட்டர்க்காரியும், அலெக்ஸாண்ட்ராவும் நெருங்கிய சொந்தக்காரர்கள். வால் நீண்ட சிறகுகளுக்குப் பேர்போன அழகிகள் குடும்பத்தில், வால் இல்லாமல் பறவைபோல் சிறகு அகன்ற, பறவைச் சிறகுகள் எனப்படும் ஒரு கிளை அது. அலெக்ஸாண்ட்ராவில் பெண் பழுப்பு நிறம், வெளிறிய புள்ளிகள். ஆண் அளவில் சிறியது. ஆனால் நீலமும் பச்சையும் மின்னும் சிறகு, பளிச்சென்ற மஞ்சள் வயிறு. பார்க்கிறவர் கண் ஆணிடம் போகும், பதிவேடு பெண்ணிடம் போகும்.

மீக்குக்கு இதில் விஞ்ஞானியின் ஆர்வம் எவ்வளவு, வியாபாரியின் கணக்கு எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். பூச்சி, பறவை பிடித்து விற்பது அவருக்குக் குடும்பத் தொழில். தகப்பனாரும் அதே துறையில் இருந்தவர். ஆஸ்திரேலியாவைத் தளமாக வைத்துக்கொண்டு டிரோப்ரியண்ட் தீவுகள், சாலமன் தீவுகள், நியூகினியின் மலைகள் என்று ஆண்டுக்கணக்கில் அலைந்தார். அனுப்பிய சரக்கின் பெரும்பகுதி போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்: லண்டனுக்கு வடமேற்கே டிரிங் என்ற சிற்றூர்.

டிரிங்கில் இருந்தவர் வங்கிக் குடும்பத்துப் பிள்ளை. வட்டிக்கணக்கில் மனம் ஒட்டாத வால்டர் ராத்ஸ்சைல்டு, வீட்டுத் தோட்டத்திலேயே அருங்காட்சியகம் கட்டி 1892இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். வரிக்குதிரைகளை வண்டியில் பூட்டி லண்டனுக்குள் ஓட்டிப்போன மனிதர். அருங்காட்சியகத்தில் எர்ன்ஸ்ட் ஹார்ட்டர்ட் பறவைகளையும், கார்ல் ஜோர்டன் பூச்சிகளையும் பார்த்துக்கொண்டார்கள். உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் அவர் சம்பளத்தில் ஆட்கள் வலையோடு நின்றார்கள். 1937இல் அவர் இறந்தபோது தேசத்துக்கு விட்டுப்போன வண்ணத்துப்பூச்சிகளும் விட்டில்களும் இருபது லட்சத்துக்கு மேல். தனி ஒருவர் சேர்த்ததில் அதுதான் மிகப் பெரியது. இத்தனையையும் வெறும் பணக்காரப் பைத்தியம் என்று ஒதுக்க முடியாது. ராத்ஸ்சைல்டும் ஜோர்டனும் அந்தக் குவியலை வைத்து எழுதிய வகைப்பாட்டு நூல்களை இன்றைய ஆய்வாளர்களும் புரட்டுகிறார்கள். ஆனால் பணம் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். மாம்பரே ஆற்றங்கரைக்காரருக்கு அதில் கிடைத்தது அதிகம் போனால் சுமைக்கூலி.

இந்த வியாபாரம் மீக்கோடு தொடங்கியதல்ல. 1758இல் ஸ்வீடனின் கார்ல் லின்னேயஸ் உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை விலங்குகளுக்கு நிலைநாட்டிய புத்தகத்திலேயே ஒரு பறவைச் சிறகு இனம் இருக்கிறது. இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்து டச்சுக் கப்பல்களில் கிராம்போடும் ஜாதிக்காயோடும் வந்தது அது. லின்னேயஸ் அதற்கு டிராய் நகரத்து அரசன் பிரியாமின் பெயரை வைத்தார். பெரிய வண்ணத்துப்பூச்சிகளையெல்லாம் அவர் வீரர்கள் என்று ஒரு படையாக்கி, மார்பில் ரத்தச் சிவப்பு உள்ளவற்றை டிராய் பக்கமும் மற்றவற்றைக் கிரேக்கர் பக்கமும் நிறுத்தினார். அந்தப் படைவரிசையில் நம் ஊர்க்காரரும் உண்டு. ராமேசுவரம் தீவிலும் தமிழகக் காடுகளிலும் கூட்டங்கூட்டமாகத் திரியும், கறுப்புச் சிறகில் சிவப்புப் பொட்டும் செந்நிற உடலும் கொண்ட பூச்சிக்கு லின்னேயஸ் வைத்த பெயர் ஹெக்டர், பிரியாமின் மூத்த மகன்.

நூறு ஆண்டு கழித்து இதே தீவுக்கூட்டத்துக்கு வந்த ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் முழுநேரத் தொழிலாகவே பூச்சி பிடித்தார். பணக்கார வீட்டுப் பிள்ளை அல்ல அவர். 1852இல் அமேசானிலிருந்து திரும்பும்போது கப்பல் தீப்பிடித்துச் சேகரிப்பு எரிந்துபோனது. லண்டனில் இருந்த அவருடைய முகவர் சாமுவேல் ஸ்டீவன்ஸ் முன்யோசனையாக இன்ஷூரன்ஸ் எடுத்து வைத்திருந்ததால் கையில் ஏதோ மிஞ்சியது. மலாய்த் தீவுகளில் 1854 முதல் 1862 வரை அவர் சேர்த்தவை 1,25,660 மாதிரிகள். தனக்கென்று ஒரு பகுதியை வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஸ்டீவன்ஸ் வழியாக விற்றுத்தான் அடுத்த தீவுக்குப் படகு அமர்த்தினார். பரிணாமம் குறித்த அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1858இல் டெர்னாட்டே பக்கத்திலிருந்து டார்வினுக்குப் போனதற்கு இந்த விற்பனைக் காசும் ஒரு காரணம் என்று சொன்னால் மிகையில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் வாலஸ் பாச்சான் தீவில் இறங்கினார். சதுப்புக் காட்டில் ஒரு பெரிய பெண் பறவைச் சிறகைப் பார்த்தார். பிரியாம் வகையின் உறவு என்று தெரிந்தது. ஆணைப் பார்க்காமல் எந்த இனம் என்று சொல்ல முடியாது. இரண்டு மாதத்துக்கு மேல் அது கைக்கு அகப்படவேயில்லை. 1859 ஜனவரியில், வெள்ளை இலைபோன்ற மடலும் மஞ்சள் பூவும் உள்ள ஒரு செடியைச் சுற்றி அது வட்டமிடுவதைக் கண்டார். நம் மலையோரங்களில் வெள்ளிலை என்கிற செடியின் இனம். அங்கேயே காத்திருந்து ஆணைப் பிடித்தார். தங்க ஆரஞ்சு நிறம். வலையிலிருந்து எடுத்தபோது நெஞ்சு படபடத்து மயக்கம் வரும்போல் இருந்ததாகவும், அன்று முழுக்கத் தலைவலியோடு கிடந்ததாகவும் அவரே பிற்பாடு எழுதினார். பெயர் வைத்தபோது லிடியா நாட்டு மன்னன் குரோசஸை நினைத்துக்கொண்டார். செல்வத்துக்குப் பழமொழியான அரசன். அதற்கு நான்கு ஆண்டு முன்பு போர்னியோவில் கிடைத்த பச்சைக் கோடு போட்ட இனத்துக்கு, தனக்கு இடம் கொடுத்து ஆதரித்த சரவாக்கின் வெள்ளைக்கார ராஜா ஜேம்ஸ் புரூக்கின் பெயரை வைத்திருந்தார். நன்றிக்கடனையும் பூச்சிப் பெயரில் தீர்க்கலாம் என்பது அந்தக் காலத்து வசதி.

துப்பாக்கியைத் தூக்கியதிலும் மீக் முதல் ஆள் அல்ல. 1855இல் ஹெரால்டு என்ற ஆங்கிலக் கடற்படைக் கப்பலில் வந்த ஜான் மக்கில்லிவ்ரே, சாலமன் தீவுகளில் இப்படி ஒரு பெண்ணைச் சுட்டு எடுத்தார். மறு ஆண்டு அதற்கு விக்டோரியா மகாராணியின் பெயர் வைக்கப்பட்டது. அரை நூற்றாண்டு இடைவெளியில் மாமியாருக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று, இரண்டும் சுடப்பட்டவை. காரணம் சாதாரணமானது. இந்தப் பூச்சிகள் வாழ்நாளின் பெரும்பகுதியைக் காட்டின் கூரையில், முப்பது நாற்பது மீட்டர் உயரத்தில் கழிக்கின்றன. கைவலைக்கு எட்டாது. பெரும்பாலும் முட்டையிடத்தான் பெண் கீழே வரும், அதுவும் தன் புழு தின்னும் கொடியைத் தேடி.

அந்தக் கொடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இனி வரும் கதை முழுவதும் அதைச் சுற்றித்தான். பறவைச் சிறகுகளின் புழுக்கள் எல்லாமே ஈஸ்வர மூலி, ஆடுதின்னாப்பாளை குடும்பத்துக் கொடிகளை மட்டுமே தின்னும். ஆடுகூடத் தொடாத கசப்பும் நஞ்சும் உள்ள இலைகள். புழு அந்த நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துவைத்துக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது. சிறகு முளைத்த பிறகும் நஞ்சு கூடவே இருக்கிறது. பல இனங்கள் இக்குடும்பத்தில் கிடைக்கும் நாலைந்து வகைக் கொடிகளில் எதையும் தின்னும். அலெக்ஸாண்ட்ரா அப்படியல்ல. காட்டில் அதற்கு முக்கியமாக வேண்டியது பாராரிஸ்டோலோக்கியா டீல்சியானா என்ற கொடி, அதுவும் முற்றிய காட்டில் பெரிய மரங்களைப் பற்றி உச்சிவரை ஏறிய கொடி. முட்டையிலிருந்து சிறகு விரிக்க ஏறத்தாழ நான்கு மாதம் ஆகும். அந்தப் பெரிய உடம்பை வளர்த்தெடுக்க ஒவ்வொரு புழுவுக்கும் ஏராளமான இலை வேண்டும்.

சேகரிப்பாளர்கள் சீக்கிரமே ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். பறக்கும் பூச்சியைத் துரத்துவதைவிடக் கொடியைக் கண்டுபிடித்துப் புழுவையும் கூட்டுப்புழுவையும் எடுத்து வந்து, கூண்டில் சிறகு விரிந்தவுடன் எடுப்பது மேல். ஓட்டை இல்லை, கிழிசல் இல்லை, விலையும் கூட. கொடி எங்கே இருக்கும், எந்த மாதம் புழு வைக்கும் என்பதெல்லாம் காட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். டிரிங்குக்கும், ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருந்த ஸ்டாடிங்கர் கடைக்கும், பாரிஸின் சேகரிப்பாளர்களுக்கும் போன பெட்டிகளுக்குப் பின்னால் அந்த அறிவு இருந்தது. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் சேகரித்தவர் என்று வெள்ளைக்காரர் பெயர் மட்டும் இருந்தது.

அலெக்ஸாண்ட்ராவின் நாடு மிகச் சிறியது. இன்றைய பாப்புவா நியூகினியின் ஓரோ மாகாணத்தில், போப்பொண்டெட்டா ஊரைச் சுற்றிய சமவெளியில் ஒரு கூட்டம்; தெற்கே மனகலாஸ் பீடபூமியில் இன்னொன்று. அவ்வளவுதான். இந்தச் சிறு நிலத்தின் மேல் இருபதாம் நூற்றாண்டு வரிசையாக வந்து விழுந்தது. பொன் தேடுவோர் 1890களிலேயே மாம்பரே ஆற்றில் ஏறிவிட்டிருந்தார்கள். 1942 ஜூலையில் ஜப்பானியப் படை கோனா கடற்கரையில் இறங்கிக் கொக்கோடா பாதை வழியாக மலையேறியது. ஆஸ்திரேலிய, அமெரிக்கப் படைகள் அதைத் திருப்பித் துரத்தி, 1943 ஜனவரியில் புனா, கோனா கடற்கரைகளில் சண்டையை முடித்தன. அந்தப் போர்க்களப் பெயர்களும் வண்ணத்துப்பூச்சியின் வரைபடமும் ஏறக்குறைய ஒன்றே.

போர் விட்டதை மலை எடுத்துக்கொண்டது. அந்தப் பகுதியின் லாமிங்டன் மலை எரிமலை என்பதையே அரசு நிர்வாகம் அறிந்திருக்கவில்லை, சரிவெல்லாம் பச்சைக்காடு. 1951 ஜனவரி நடுவில் புகை கிளம்பியது. 21ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, மலையின் வடபுறம் வெடித்துத் திறந்தது. சுடு சாம்பல் மேகம் சரிவில் உருண்டு இறங்கி, ஹிகாதுரு என்ற மாவட்டத் தலைமையிடத்தையும் சுற்றியிருந்த ஓரோக்கைவா மக்களின் ஊர்களையும் மூடியது. இறந்தவர்கள் ஏறத்தாழ மூவாயிரம் பேர். சுமார் 250 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. அது அலெக்ஸாண்ட்ராவின் சிறந்த வாழிடங்களில் ஒன்று. மூவாயிரம் உயிர் போன இடத்தில் பூச்சிக்கணக்குப் பேசுவது அற்பமாகப் படலாம். ஆனால் எரிமலை அழித்த நிலத்தில் காடு தானே திரும்பி வரும். அடுத்து வந்தது அப்படிப்பட்டதல்ல.

1970களின் நடுவில் எண்ணெய்ப்பனை வந்தது. 1975இல் விடுதலை பெற்ற நாட்டுக்கு வருமானம் வேண்டும், சாலை வேண்டும், ஓரோ மக்களுக்குக் கையில் காசு வேண்டும். உலக வங்கிக் கடனோடு 1976இல் போப்பொண்டெட்டா திட்டம் தொடங்கியது. நடுவில் கம்பெனித் தோட்டமும் ஆலையும். சுற்றிலும் சிறு விவசாயிகளின் சில ஹெக்டேர் பனைகள். எரிமலைச் சாம்பல் மண் செழிப்பானது. அந்தச் செழிப்பில்தான் காடும் கொடியும் நின்றிருந்தன. சமவெளிக் காடு துண்டு துண்டாயிற்று. பனை நிழலில் அந்தக் கொடி ஏற மரமில்லை.

சட்டம் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆஸ்திரேலிய ஆட்சியில் 1966இல் உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1968இல் அலெக்ஸாண்ட்ரா உட்பட ஏழு பறவைச் சிறகுகள் பாதுகாக்கப்பட்டவை என்று அறிவிக்கப்பட்டன. பிடித்தால் குற்றம், விற்றால் குற்றம். அந்தப் பூச்சி முட்டையிடும் கொடியை மரத்தோடு வெட்டிச் சாய்த்தால்? அது தோட்டம் போடுவது, குற்றமில்லை. சேகரிப்பாளரின் வலையைத்தான் எதிரி என்று நினைத்து எழுதப்பட்ட சட்டம் அது. ஒரு பெண் வண்ணத்துப்பூச்சி பிடிபடுமுன் முட்டையிட்டிருந்தால் இனம் பிழைக்கும். கொடி போனால் எல்லாம் போகும். எழுபதுகளின் அதிகாரிகள் சிலர் இதைப் புரிந்துகொண்டதுதான் இந்தக் கதையின் சுவாரசியமான திருப்பம்.

பாப்புவா நியூகினியில் நிலத்தில் ஏறக்குறைய 97 சதவீதம் குலங்களின் மரபுரிமை. வேலி போட்டுச் சரணாலயம் என்று பலகை நடுவதற்கு அரசிடம் நிலமே இல்லை. காட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் காட்டுச் சொந்தக்காரருக்கு அதில் ஆதாயம் இருக்க வேண்டும். பூச்சிகளுக்கு உலகச் சந்தை இருக்கிறது. அந்தக் காசு இடைத்தரகரிடம் போகாமல் ஊருக்கு வந்தால் என்ன? இந்த எண்ணத்தில் 1978இல் மொரோபே மாகாணத்தின் புலோலோவில் பூச்சி வளர்ப்பு, விற்பனை முகமை தொடங்கப்பட்டது. புலோலோ ஏற்கெனவே ஒரு விசித்திரத் தொழிலின் ஊர். சாலையே இல்லாத அந்தப் பள்ளத்தாக்குக்கு 1930களில் பொன் வாரும் ராட்சத இயந்திரங்களைத் துண்டு துண்டாக ஜங்கர்ஸ் விமானங்களில் ஏற்றி வந்து இறக்கிப் பூட்டினார்கள். பொன் தீர்ந்தது; வண்ணத்துப்பூச்சி வந்தது.

முறை எளிமையானது. விவசாயி தன் காய்கறித் தோட்டத்தின் ஓரத்தில், காட்டை ஒட்டி, ஈஸ்வர மூலி வகைக் கொடிகளைப் பந்தல்போல் ஏற்றிவிடுவார். நடுவே செம்பருத்தி மாதிரித் தேன் நிறைந்த பூச்செடிகள். வலைக்கூண்டு கிடையாது, முட்டை வாங்கி வைப்பது கிடையாது. காட்டுப் பூச்சி தானே வந்து தேன் குடித்து, முட்டையிட்டுப் போகும். புழு வளர்ந்து கூட்டுப்புழுவானதும் ஒரு பங்கை எடுத்து வீட்டில் பத்திரப்படுத்தி, சிறகு விரிந்தபின் கொன்று, முக்கோணமாக மடித்த காகித உறையில் வைத்துப் புலோலோவுக்கு அனுப்புவார். மற்றவை காட்டுக்கே. முகமை தரம் பார்த்து, வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பாளருக்கும் விற்று, விற்ற விலையில் பெரும்பங்கை விவசாயிக்கு அனுப்பிவிடும். மைக்கேல் பார்சன்ஸ் என்ற பூச்சியியலாளர் இதற்குக் கைநூல் எழுதினார். பின்னாளில் அந்த நாட்டு வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிப் பெரிய நூலும் அவர் எழுதியதுதான். 1983இல் அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் இந்தத் திட்டத்தைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது.

இந்த ஏற்பாட்டின் புத்திசாலித்தனம் அதில் ஒளிந்திருந்த நிபந்தனையில் இருக்கிறது. பக்கத்துக் காடு நின்றால்தான் தோட்டத்துக்குப் பூச்சி வரும். காட்டை வெட்டினால் அடுத்த பருவத்தில் உறை காலி. அரசு அதிகாரி வந்து மிரட்ட வேண்டியதில்லை. கொடி நட்டவர்கள் அதனால் பணக்காரராகிவிடவில்லை. விமானமும் லாரியும் எட்டாத ஊரில் எடையே இல்லாத ஒரு சரக்கு, அவ்வளவுதான். காப்பி மூட்டையைத் தோளில் சுமந்து இரண்டு நாள் நடப்பவருக்கு அது சின்ன விஷயமல்ல.

ஆனால் பிரியாம் போன்ற பொதுவான இனங்களுக்குப் பொருந்திய இந்த முறை, யாருக்காக எல்லாரும் கவலைப்பட்டார்களோ அந்த ராணிக்குப் பொருந்தவில்லை. முதல் தடை இயற்கையே. தோட்டத்தில் சுலபமாக வளரும் கொடிகள் அதற்குப் பிடிக்காது. அதற்குப் பிடித்த கொடி தோட்டத்தில் சுலபமாக வளராது. இரண்டாவது தடை சட்டம். உள்நாட்டுத் தடை ஏற்கெனவே இருந்தது. 1987இல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலும் அலெக்ஸாண்ட்ரா சேர்க்கப்பட்டது. காண்டாமிருகமும் புலியும் இருக்கும் பட்டியல். வணிகம் முற்றாகத் தடை. மற்றப் பறவைச் சிறகுகளெல்லாம் அனுமதிச் சீட்டோடு விற்கக்கூடிய இரண்டாம் பட்டியலில் இருந்தன.

தடை வந்தால் பண்டம் மறைந்துவிடாது. கையில் இருப்பதன் விலை ஏறும். 2006இல் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் ஜப்பானிய வணிகர் ஒருவரை அமெரிக்க வனவிலங்குத் துறை கைது செய்தது. வாங்குபவர்போல் நடித்த அதிகாரி ஒருவரிடம் அவர் அலெக்ஸாண்ட்ரா இணை ஒன்றை 8,500 டாலருக்கு விற்றிருந்தார். 2007இல் 21 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்த இணையைக் காட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் யாராக இருந்தாலும், 8,500 டாலரில் அவர் கைக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய கணக்கு வேண்டாம்.

இதனாலேயே கட்டுப்பாட்டோடு கொஞ்சம் விற்க விடுங்கள் என்று வாதிட்டவர்கள் விஞ்ஞானிகளிடையே உண்டு. கொடியையும் மரத்தையும் வைத்திருக்கும் குலத்துக்கு ஆண்டுக்குச் சில கூட்டுப்புழு விற்க உரிமை கொடுத்தால், எண்ணெய்ப்பனைக்குப் போட்டியாக ஒரு வருமானம் பிறக்கும் என்பது அவர்கள் கட்சி. கதவைச் சற்றே திறந்தாலும் கள்ளச் சரக்கு நல்ல சரக்கோடு கலந்து வெளியேறிவிடும் என்பது எதிர்க்கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தடை இருந்த இத்தனை ஆண்டுகளில் போப்பொண்டெட்டா சமவெளிக் காடு சுருங்கிக்கொண்டேதான் வந்தது என்பதைப் பார்க்கும்போது முதல் கட்சியின் பக்கம் தராசு சற்றுத் தாழ்கிறது. இரண்டாம் கட்சிக்காரர்கள் கேட்பது பூச்சியின் பாதுகாப்பை. கொடியின் பாதுகாப்புக்கு அவர்களிடம் தனி ஏற்பாடு எதுவுமில்லை.

1990களில் ஆஸ்திரேலிய உதவிப் பணத்தில் ஓரோவில் ஒரு பாதுகாப்புத் திட்டம் நடந்தது. கொடிகள் எங்கெங்கே எஞ்சியிருக்கின்றன என்று தேடினார்கள், நாற்று வளர்த்தார்கள், ஊர்க்கூட்டம் போட்டார்கள். அந்தப் பத்தாண்டு முடியுமுன் பணமும் முடிந்தது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அலெக்ஸாண்ட்ரா அழியும் ஆபத்தில் உள்ள இனமாகவே தொடர்கிறது. மாகாணக் கொடியில் மட்டும் அது பெரிதாகச் சிறகு விரித்திருக்கிறது. ஓரோ தன் அடையாளமாக வைத்துக்கொண்டது இந்தப் பூச்சியைத்தான்.

தெற்கே மனகலாஸ் பீடபூமியில் கதை வேறு. அங்கே மேட்டுநிலம், எண்ணெய்ப்பனை ஏறவில்லை, காப்பி ஏறியது. குலத்தலைவர்கள் எண்பதுகளிலிருந்தே மரம் வெட்டும் கம்பெனிகளையும் சுரங்கக்காரர்களையும் உள்ளே விடுவதா வேண்டாமா என்று கூடிப் பேசி வந்தார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் நடந்த பேச்சு அது. 2017இல் சுமார் 3,600 சதுர கிலோமீட்டர் நிலம் மனகலாஸ் பாதுகாப்புப் பகுதியாக அரசால் அறிவிக்கப்பட்டது. பாப்புவா நியூகினியின் பாதுகாப்புப் பகுதிகளில் அது மிகப் பெரியவற்றுள் ஒன்று. நிலம் குலங்களின் பெயரிலேயே இருக்கிறது; தோட்டம் போடலாம், வேட்டையாடலாம், காப்பி விற்கலாம். பெரிய அளவில் மரம் வெட்டவும் பனை நடவும் தடை.

போப்பொண்டெட்டா சமவெளி அந்த எல்லைக்குள் வரவில்லை. அங்குள்ள கூட்டம், பனந்தோப்புகளுக்கு நடுவே ஓடையோரங்களிலும் யாரும் வெட்டாமல் விட்ட துண்டுக் காடுகளிலும் கொடி எஞ்சியிருக்கும் அளவுக்குத்தான் இருக்கிறது. அந்தத் துண்டுகளின் சொந்தக்காரர் பழக்குலையை வெட்டிச் சாலையோரம் வைத்தால் ஆலையின் லாரி வந்து எடைபோட்டு எடுத்துக்கொள்கிறது. அவருடைய கொடியில் தொங்கும் கூட்டுப்புழுவை அவர் யாருக்கும் விற்க முடியாது.